பெரிய ஈரநிலங்களின் உயிர்ப்பன்மையை ஒப்பிடுவது எப்படி: தோட்டப்புறத்திலிருந்து தொடங்குபவர்களுக்கு

தென்னமெரிக்காவின் பந்தனால் ஈரநிலத்தில் எத்தனை பறவை இனங்கள் என்று தேடிப் பாருங்கள். ஒரு கட்டுரையில் 650 என்று இருக்கும், இன்னொன்றில் 463 என்று இருக்கும். இரண்டையும் எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள்தான். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி ஏன் என்று புரிந்துவிட்டால் ஈரநிலங்களை ஒப்பிடும் வேலையில் பாதி கைக்கு வந்துவிடும். மீதிப் பாதியைப் பழக வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் பாரிட்டும் (வாய்க்கால்) பழைய ஈயக் குட்டையும் போதும்.

மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப்புறத்திலிருந்து இதை எழுதுகிறேன். அறிவியல் திட்டம் செய்யும் படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள், தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு கிளம்பும் அண்ணன்மார், இவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். நம் ஊருக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, அதை நாம் அதிகம் கவனிப்பதில்லை. மேற்கே போனால் கடலோரப் பாக்காவ் காடு, அதாவது அலையாத்திக் காடு. சிலாங்கூர் ஆற்றோரம் கம்போங் குவாந்தானில் மின்மினிகள் கூடும் பெரெம்பாங் மரங்கள். வடக்கே தஞ்சோங் காராங், செகிஞ்சான் நெல்வயல்கள். உள்ளே ராஜா மூசா, சுங்கை காராங் வனக்காப்புப் பகுதிகளில் பீட் மண் காடு, அதாவது மக்காத இலையும் மரமும் சேர்ந்து மண்ணான சதுப்புக் காடு. பெஸ்தாரி ஜெயா பக்கம், அதாவது நம் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊர்ப் பக்கம், வெள்ளீயம் தோண்டி விட்டுப்போன ஈயக் குட்டைகள். இப்படி ஐந்து வகை ஈரநிலம் மோட்டாரில் போய்வரும் தூரத்துக்குள் இருக்கிறது. பல நாட்டு மாணவர்களுக்கு இது கிடைக்காது.

எல்லை எது என்று முதலில் கேளுங்கள்

பந்தனால் கணக்குக்கு வருவோம். பிரேசில், பொலிவியா, பராகுவே மூன்று நாடுகளில் பரந்து கிடக்கும் வெள்ளச் சமவெளி அது. வெப்பமண்டல ஈரநிலங்களில் உலகிலேயே பெரியது, 1,50,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், அதாவது தீபகற்ப மலேசியாவைவிடப் பெரியது. அதைச் சுற்றி மேட்டுநிலம் இருக்கிறது. அந்த மேட்டுநிலப் பறவைகளையும் சேர்த்து எண்ணினால் 650 அளவுக்குப் போகும். பிரேசில் பக்கத்துச் சமவெளிக்குள் உண்மையாகப் பதிவானவற்றை மட்டும் 2003-இல் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எடுத்தபோது 463 வந்தது. கோடு எங்கே போடுகிறோம் என்பதிலேயே இருநூறு இனங்கள் கூடிக் குறைகின்றன.

ஈரநிலத்தில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் கோடே நகர்கிறது. கம்போடியாவின் தொன்லே சாப் ஏரி வறண்ட காலத்தில் 2,500 சதுர கிலோமீட்டர் அளவில் இருக்கும், மீக்கோங் ஆறு பெருகி ஏரிக்குள் தண்ணீரைத் திருப்பித் தள்ளும் மாதங்களில் ஐந்தாறு மடங்கு விரிந்துவிடும். போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோ டெல்டா இன்னொரு மாதிரி: அங்கோலா மலைப்பகுதியில் பெய்த மழை பல மாதம் மெதுவாக நகர்ந்து வந்து சேரும்போது போட்ஸ்வானாவில் வறண்ட காலம், சுற்றுவட்டாரம் எல்லாம் காய்ந்து கிடக்கும் நேரத்தில் டெல்டா மட்டும் நிறைந்து நிற்கும், விலங்குகள் எல்லாம் அங்கே வந்து குவியும். எந்த மாதம் எண்ணினார்கள் என்று தெரியாமல் அந்த எண்ணை எடுத்துப் பயன்படுத்தக் கூடாது.

ஆகவே உங்கள் குறிப்பேட்டில் ஒவ்வோர் ஈரநிலத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி மேலே மூன்று விவரம் எழுதுங்கள்: எல்லை எங்கே, பரப்பு எவ்வளவு, எந்தப் பருவத்தில் எண்ணியது. இந்த மூன்றும் கிடைக்காத எண்ணைப் பென்சிலால் எழுதி வையுங்கள், பேனாவால் வேண்டாம்.

ஒரே வகை உயிரை எடுத்துக்கொள்ளுங்கள்

"இங்கே 2,000 இனங்கள், அங்கே 1,500 இனங்கள்" என்று மொத்தமாகச் சொல்லும் கட்டுரைகளை நம்பி ஒப்பிடாதீர்கள். ஓரிடத்தில் செடிகளை எண்ண ஆள் இருந்திருப்பார்கள், இன்னோர் இடத்தில் பறவை பார்ப்பவர்கள் மட்டும் போயிருப்பார்கள், பூச்சிகளை யாருமே எண்ணியிருக்க மாட்டார்கள். பறவையைப் பறவையோடும் மீனை மீனோடும் வைத்துப் பாருங்கள்.

பயிற்சிக்கு இரண்டு இடம் தருகிறேன். ஒக்கவாங்கோ, 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவதாகச் சேர்ந்த இடம், பரப்பு சுமார் 20,000 சதுர கிலோமீட்டர். அந்தப் பதிவில் 482 பறவை இனங்கள், 130 பாலூட்டிகள், 89 மீன்கள், 1,061 செடி வகைகள் என்று இருக்கிறது. அடுத்து நம் தாசேக் பெரா, பகாங்கில் செமலாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் நன்னீர்ச் சதுப்பு, 1994-இல் மலேசியாவின் முதல் ராம்சார் தளம் (ஈரநிலங்களுக்கான உலக உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இடம்) ஆனது. ராம்சார் பதிவுப்படி பரப்பு 38,446 ஹெக்டேர், அதாவது 384 சதுர கிலோமீட்டர் அளவு. பறவைகள் 200-க்கு மேல், மீன்கள் 95.

மீன் வரிசையை மட்டும் பாருங்கள். 20,000 சதுர கிலோமீட்டரில் 89. 384 சதுர கிலோமீட்டரில் 95. ஐம்பது மடங்கு சிறிய இடத்தில் கூடுதலான மீன் இனங்கள்! யானைகளும் சிங்கங்களும் நிறைந்த படங்களைப் பார்த்துவிட்டு ஆப்பிரிக்க டெல்டாதான் எல்லாவற்றிலும் மேல் என்று நினைத்திருப்போம். பறவையிலும் பாலூட்டியிலும் அது எங்கோ நிற்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீருக்குள் கதை வேறு.

ஏன் என்று தேடும்போதுதான் ஒப்பீடு சுவையாகிறது. பரப்பு பத்து மடங்கு ஆனால் இனங்கள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது சூழலியலில் பழைய தோராயக் கணக்கு, ஆனால் அது ஒரே வட்டாரத்துக்குள், ஒரே மாதிரித் தட்பவெப்பத்தில் ஓரளவு பொருந்தும் கணக்குதான். இரண்டு கண்டங்களுக்கு நடுவே பொருந்தாது. நம் பக்கம் ஆண்டு முழுதும் மழை, காடு தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது, வேர் இடுக்கு, இலைச் சருகு, நிழல் நீர், திறந்த நீர் என்று ஒவ்வொன்றிலும் தனி மீன். அதோடு ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் கீழே இருந்தபோது தீபகற்பமும் சுமத்ராவும் போர்னியோவும் ஒரே நிலமாக இருந்தன, இன்று தனித்தனியாக ஓடும் ஆறுகள் சில அன்று சேர்ந்து ஓடின, மீன்களும் அவற்றோடு பரவின. ஒக்கவாங்கோ சவானா நடுவே கடலைத் தொடாமல் மணலில் முடிந்துபோகும் ஆறு. அதன் பிறப்பும் வளர்ப்பும் வேறு. இரண்டு எண்களை அருகருகே வைத்த பிறகு இந்த மாதிரி "ஏன்" ஒன்றாவது எழுதாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

எவ்வளவு நேரம், எத்தனை பேர், எத்தனை முறை

கூடுதல் நேரம் பார்த்தால் கூடுதல் இனம் கிடைக்கும். இது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் அதிகம் தவறுவது இங்கேதான். ஐம்பது வருடம் ஆராய்ச்சியாளர்கள் கூடாரம் போட்டு இருந்த இடத்தையும் ஒரே ஒரு முறை படகில் சுற்றி வந்த இடத்தையும் பக்கத்தில் வைத்தால் முதலாவதுதான் ஜெயிக்கும்.

இதைத் தெரிந்துகொள்ள நீங்களே செய்து பார்ப்பது நல்லது. ஈயக் குட்டை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கரையில் ஓர் இடத்தில் நின்று பத்து நிமிடம், கண்ணுக்கும் காதுக்கும் எட்டிய பறவைகளை எழுதுங்கள், இனம், எண்ணிக்கை இரண்டும். இருநூறு மீட்டர் தள்ளிப் போய் இன்னொரு பத்து நிமிடம். இப்படியே பத்துத் தடவை. பிறகு கட்டத்தாளில் கீழ்க்கோட்டில் ஒன்று முதல் பத்து வரை தடவைகள், பக்கக்கோட்டில் அதுவரை கண்ட மொத்த இனங்கள் என்று புள்ளி வையுங்கள். கோடு முதலில் விறுவிறு என்று ஏறும், அப்புறம் மெல்லச் சாயும். ஏறத்தாழப் படுத்துவிட்டால் அந்த வகைப் பார்வையில் கிடைக்கக்கூடியதைப் பெரும்பாலும் பார்த்துவிட்டீர்கள். இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால் உங்கள் எண் பாதி எண், அதை வைத்து யாரோடும் ஒப்பிட வேண்டாம்.

பார்க்காமல் விட்டது எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட ஒரு சுலபமான வழி உண்டு. தைவானைச் சேர்ந்த புள்ளியியல் அறிஞர் ஆன் சாவ் 1984-இல் தந்தது. ஒரே ஒரு தலை மட்டும் கண்ட இனங்கள் எத்தனை, சரியாக இரண்டு தலை கண்ட இனங்கள் எத்தனை என்று எடுங்கள். முதல் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, இரண்டாவது எண்ணின் இரட்டிப்பால் வகுத்து, கண்ட இனங்களோடு கூட்டுங்கள். உதாரணமாக 24 இனம் கண்டீர்கள், அவற்றில் ஒற்றையாய்க் கண்டவை 6, இரண்டாய்க் கண்டவை 3 என்றால் 36-ஐ 6-ஆல் வகுத்து 6, ஆக மொத்தம் குறைந்தது 30 இனமாவது இருக்கும். ஒற்றையாகக் கண்டவை எவ்வளவு அதிகமோ, நீங்கள் காணாதவையும் அவ்வளவு அதிகம் என்பதுதான் இதற்கு அடிப்படை. ஃபோன் கால்குலேட்டர் போதும்.

ஓர் இடத்தில் நாற்பது தடவையும் இன்னோர் இடத்தில் பத்துத் தடவையும் எண்ணிய தரவு கையில் இருந்தால் நாற்பதிலிருந்து சீட்டுக் குலுக்கிப் பத்தை எடுத்து, அந்தப் பத்தில் வந்த இனங்களை மட்டும் ஒப்பிடுங்கள். குலுக்கலைப் பலமுறை செய்து சராசரி எடுத்தால் இன்னும் நல்லது.

பருவம் இங்கேயும் முக்கியம். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை சைபீரியா, சீனா பக்கமிருந்து வரும் உள்ளான்கள் நம் கடலோரச் சேற்றில் கூட்டம் கூட்டமாக மேயும். ஜூலையில் போனால் அதே சேறு காலியாகத் தெரியும். ஒரு குட்டையை டிசம்பரிலும் ஒரு கடற்கரையை ஜூலையிலும் எண்ணிவிட்டுக் குட்டைதான் வளமானது என்று எழுதினால் அது அந்தக் கடற்கரைக்குச் செய்யும் அநியாயம்.

எத்தனை இனம் என்பதோடு எப்படிப் பங்கு

இரண்டு குட்டைகள் என்று வைத்துக்கொள்வோம், இரண்டிலும் ஐந்து இனம், இரண்டிலும் நூறு பறவை. முதல் குட்டையில் 92 உண்ணிக்கொக்கு, மற்ற நான்கு இனமும் இரண்டிரண்டு. இரண்டாவதில் ஐந்து இனமும் இருபது இருபது. இனக் கணக்கில் இரண்டும் சமம், ஆனால் கரையில் நிற்பவருக்கு இரண்டும் சமமாகத் தெரியாது.

இதை எண்ணாக்க சிம்ப்சன் குறியீடு உதவும். ஒவ்வோர் இனத்தின் பங்கையும் அதே பங்கால் பெருக்கிக் கூட்டுங்கள். முதல் குட்டைக்கு 0.92-ஐ 0.92-ஆல் பெருக்கினால் 0.8464, மற்ற நான்குக்கும் சேர்த்து 0.0016, மொத்தம் 0.848. இரண்டாவதற்கு 0.04 ஐந்து தடவை, 0.2. இப்போது ஒன்றை அந்த எண்ணால் வகுங்கள்: முதல் குட்டைக்கு 1.18, இரண்டாவதற்கு 5. அதாவது முதல் குட்டையில் ஐந்து இனம் இருந்தாலும் ஏறத்தாழ ஓர் இனம்தான் ஆள்கிறது. ஷானன் குறியீடு என்று இன்னொன்று உண்டு, அதுவும் இதே வேலைக்குத்தான், அரிதான இனங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்புக் கொடுக்கும். எது வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஓர் இடத்துக்கு ஒன்று இன்னோர் இடத்துக்கு வேறொன்று என்று மாற்றாதீர்கள்.

அங்கே மட்டும் இருப்பது என்ன

இதுதான் என் மனதுக்கு நெருங்கிய படி, இதைச் சொல்லத்தான் மற்றதெல்லாம் சொன்னேன். பெரும்பாலான ஒப்பீடுகள் "யாருக்கு அதிகம்" என்பதோடு நின்றுவிடுகின்றன. ஓர் ஈரநிலம் போய்விட்டால் அதோடு உலகத்திலிருந்தே போய்விடுவது எது என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

முதலில் சுலபமான கணக்கு. இரண்டு இடங்களுக்கும் பொதுவான இனங்களை எண்ணி இரட்டிப்பாக்கி, இரண்டு பட்டியல்களின் கூட்டுத்தொகையால் வகுங்கள். குட்டையில் 20 இனம், பாக்காவ் காட்டில் 30, பொதுவாக 8 என்றால் 16-ஐ 50-ஆல் வகுத்து 0.32. ஒன்று என்று வந்தால் இரண்டும் ஒரே பட்டியல், பூஜ்யம் என்றால் ஒன்றுகூடப் பொது இல்லை. இதற்கு சோரன்சன் குறியீடு என்று பேர். 0.32 என்றால் இரண்டு இடமும் ஒன்றுக்கொன்று மாற்றாக முடியாது, ஒன்றை நிரப்பிவிட்டு இன்னொன்று இருக்கிறதே என்று சமாதானம் சொல்ல முடியாது.

இப்போது நம் பீட் காட்டுக்கு வாருங்கள். வட சிலாங்கூரில் அது 70,000 ஹெக்டேருக்கு மேல் இருக்கிறது. அந்தத் தண்ணீர் பால் கலக்காத கோப்பி ஓ மாதிரி கறுத்திருக்கும், இலையும் மரமும் மக்காமல் ஊறிக் கிடப்பதால் புளிப்பு ஏறி அமிலத்தன்மை பி.எச். 4-க்குப் பக்கத்தில் நிற்கும், சத்தும் குறைவு. அதில் ஒரு வலை போட்டால் ஆற்றில் கிடைக்கும் அளவுக்கு மீன் இனம் கிடைக்காது. வெறும் எண்ணிக்கையை வைத்து மதிப்பெண் போடுபவர் இந்தக் காட்டைக் கீழே தள்ளிவிடுவார். ஆனால் அந்தக் கறுப்பு நீருக்குள் பேட்டா லிவிடா என்று ஒரு சின்னச் சண்டை மீன் இருக்கிறது, விரல் நீளம்கூட வராது, கருஞ்சிவப்பு நிறம். 1992-இல்தான் அறிவியலில் பெயர் பெற்றது, சிலாங்கூரின் பீட் காட்டு நீருக்கே உரியது, அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. சுமத்ராவின் பீட் காட்டில் 2006-இல் விவரிக்கப்பட்ட பேடோசிப்ரிஸ் புரோஜெனெடிகா என்ற மீனில் பெண் மீன் 8 மில்லிமீட்டரைத் தொடும் முன்பே முதிர்ச்சி அடைந்துவிடக்கூடும், அது பி.எச். 3 அளவு நீரில் வாழ்கிறது. இந்த மீன்களை ஆற்றுக்கோ குட்டைக்கோ மாற்றிவிட்டுக் காப்பாற்றிவிட்டோம் என்று சொல்ல முடியாது. அந்தப் புளிப்புத் தண்ணீர் இருந்தால்தான் அவை இருக்கும்.

பந்தனாலை இதோடு வைத்துப் பாருங்கள். அத்தனை பெரிய இடத்தில் அங்கே மட்டுமே வாழும் இனம் மிகக் குறைவு, பெரும்பாலானவை சுற்றியுள்ள காடுகளிலும் ஆறுகளிலும் உண்டு. ஆனால் அமேசானில் தேடி அலைந்தாலும் கண்ணில் படாத ஜாகுவாரும் ராட்சத நீர்நாயும் நீலக் கிளியும் அங்கே தாராளமாகத் தெரியும். அதன் மதிப்பு எண்ணிக்கைப் பெருக்கத்தில். 2020-இல் நாலில் ஒரு பங்குக்கும் மேல் எரிந்தபோது உலகம் பதறியது அதனால்தான். நம் காட்டின் மதிப்பு வேறெங்கும் இல்லாததில். இரண்டு மதிப்பையும் ஒரே எண்ணில் அடக்க முடியாது, அதனால் உங்கள் அட்டவணையில் "இங்கே மட்டும்" என்று ஒரு தனிப் பத்தி கட்டாயம் இருக்கட்டும்.

இதை நாம் கவனிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. பீட் மண்ணில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை இறக்கினால் மண் காய்ந்து தாழும், வறண்ட மாதங்களில் பற்றிக்கொள்ளும், மேலே அணைத்தாலும் அடியில் புகைந்துகொண்டே இருக்கும், அந்தப் புகையில் பள்ளிக்கூடம் மூடுவதை நாம் பார்த்திருக்கிறோம். தஞ்சோங் காராங் வயலுக்குப் போகும் தண்ணீரைத் தாங்கிப் பிடித்து விடுவதும் இந்தக் காடுதான். சோற்றுக்கும் மூச்சுக்கும் சம்பந்தப்பட்ட காட்டை இனக் கணக்கில் சிறியது என்று யாராவது ஒதுக்கினால் எனக்குத் தாங்காது.

ஓர் உயிருக்குப் பின்னால் எத்தனை உயிர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கம்போங் குவாந்தான் மின்மினி, அறிவியல் பெயர் தெரோப்டிக்ஸ் டெனெர், வளர்ந்த பிறகு பெரெம்பாங் மரத்தில் மின்னுகிறது. ஆனால் புழுவாக இருக்கும்போது ஆற்றங்கரை ஈரத்தில் சின்ன நத்தைகளைத் தின்று வளர்கிறது. கரையை வழித்துச் செம்பனை நட்டால் மரத்தை விட்டுவைத்தாலும் பயனில்லை. பட்டியலில் மின்மினி ஒரு வரிதான், அதன் பின்னால் மரம், நத்தை, சேறு, உப்பும் நன்னீரும் கலக்கும் அளவு எல்லாம் இருக்கின்றன.

கூடிய எண் நல்ல எண்தானா

ஈயக் குட்டைகளில் மீன் பட்டியல் எடுத்தால் நீளமாகவே வரும். விரால், பனையேறிக் கெண்டை, செப்பாட் மீனோடு திலாப்பியா, ஆப்பிரிக்கக் கெளுத்தி, தென்னமெரிக்காவிலிருந்து வந்த பீக்காக் பாஸ், மீன் தொட்டியிலிருந்து கொட்டப்பட்ட பண்டாராயா மீன். வெளியூர் மீன்களைச் சேர்த்தால் எண் ஏறும், உள்ளூர் மீன் குறையும். ஆகவே பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: இந்த மண்ணுக்கு உரியவை, கொண்டுவந்து விடப்பட்டவை. தூண்டில்காரர்கள் இதில் நமக்கு நல்ல துணை, எந்த வருடம் எந்த மீன் முதலில் மாட்டியது என்று அவர்களுக்கு நினைவிருக்கும். கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் எவர்கிளேட்ஸ் இதற்குப் பெரிய சாட்சி. அங்கே வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்பு காட்டில் பெருகியது. 2012-இல் வெளியான ஆய்வில், பாம்பு நெடுநாளாக இருக்கும் பகுதிச் சாலைகளில் ரக்கூன் தென்படுவது 99 விழுக்காடு குறைந்திருந்தது. ஊர்வன பட்டியலில் ஓர் இனம் கூடியது, காட்டில் பல பாலூட்டிகள் அரிதாகிவிட்டன. அதே எவர்கிளேட்ஸில் கூடுகட்டும் நாரை, கொக்கு வகைகள் 1930-களுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்தன, வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பியதுதான் பெரிய காரணம். இன்றைய பட்டியலை மட்டும் பார்த்தால் இனங்கள் பெரும்பாலும் இருக்கின்றன, கூட்டம்தான் இல்லை. முடிந்தால் பழைய எண் ஒன்றைத் தேடிப் பக்கத்தில் எழுதுங்கள். நம் ஊரில் பழைய எண் கிடைக்காது, ஆனால் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய பாட்டிமாரும் தாத்தாமாரும் இருக்கிறார்கள், எந்தப் பாரிட்டில் எந்த மீன் பிடித்துக் குழம்பு வைத்தார்கள் என்று கேட்டால் ஒரு பட்டியலே கிடைக்கும். இதைச் சீக்கிரம் செய்யுங்கள்.

களத்தில் இறங்கும்போது

தோட்டத்துக்குள் போக வேண்டுமென்றால் ஆபீசில் சொல்லி அனுமதி வாங்குங்கள், மருந்தடிக்கும் நாள் எது என்று மண்டோரிடம் (மேற்பார்வையாளர்) கேட்டு அன்று போகாதீர்கள். நீளக் கால்சட்டை, பூட்ஸ் காலணி. எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் காய்ச்சல் வரும், காலில் காயம் இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம். செம்பனைக் காய்ந்த மட்டைக் குவியலில் கை விடாதீர்கள், பாம்பு இருக்கும். கூகை ஆந்தைக்கென்று வைத்த பெட்டிகளைத் திறந்து பார்க்காதீர்கள், எலிக்காக வளர்க்கும் பறவை, கூட்டைக் கலைத்தால் போய்விடும். ஆற்று முகத்தில் முதலை நடமாட்டம் பற்றி மீனவர்களிடம் விசாரியுங்கள். தனியாகப் போக வேண்டாம், வீட்டில் அம்மாவிடமோ அக்காவிடமோ எங்கே போகிறோம், எப்போது வருவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

நேரம்: நமக்குப் பொழுது விடிவதே ஏழு மணிக்கு மேல், ஆகவே ஏழே கால் முதல் பத்து வரை. சூடு ஏறினால் பறவை அடங்கிவிடும். கடலோரச் சேற்றுக்கு மட்டும் கடிகாரம் வேறு, அலை அட்டவணை பார்த்து, தண்ணீர் ஏறி வரும் நேரத்தில் போனால் பறவைகள் கரைக்கு நெருங்கி வரும். தண்ணீர் முழுக்க வற்றிக் கிடந்தால் அவை வெகுதூரத்தில் புள்ளிகளாகத் தெரியும், இனம் சொல்ல முடியாது.

கருவி என்று பெரிதாக வேண்டாம். 8×42 பைனாகுலர் ஒன்று, இரண்டு பேருக்குள் பகிர்ந்துகொள்ளலாம். மழைக்குத் தாங்கும் குறிப்பேடு, பென்சில். படம் பிடித்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போட்டால் பேர் சொல்ல ஆட்கள் வருவார்கள், பறவைக் குரலுக்கு மெர்லின் செயலி உதவும், ஆனால் அது சொல்வதைக் கண்ணால் பார்த்து உறுதிசெய்யாமல் பட்டியலில் ஏற்ற வேண்டாம். பேர் தெரியாத பறவையைத் "தெரியாதது 1", "தெரியாதது 2" என்று அடையாளத்தோடு எழுதுங்கள், ஊகித்து ஒரு பேர் வைக்காதீர்கள்.

எந்த இரண்டிலிருந்து தொடங்குவது

முதல் ஒப்பீட்டுக்கு ஈயக் குட்டையும் நெல்வயலும் எடுங்கள், இரண்டும் திறந்த வெளி, சுலபமாகப் பார்க்கலாம். அடுத்தது கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்கா. அங்கே பாதையும் பார்வைக் கோபுரமும் இருப்பதால் பாக்காவ் காட்டைச் சேற்றில் இறங்காமலே எண்ணிப் பழகலாம். பீட் காட்டுக்கு வனத்துறை அனுமதியும் வழி தெரிந்த ஆளும் வேண்டும், அதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். இவை கைவந்த பிறகு பந்தனால், ஒக்கவாங்கோ, எவர்கிளேட்ஸ் பதிவுகளைப் படித்தால் எந்த எண் எப்படி வந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

எண்ணியதை வீட்டில் வைத்துக்கொள்ளாமல் பறவைப் பதிவுத் தளமான இ-பேர்டில் ஏற்றுங்கள். தொடங்கிய நேரம், நின்ற நிமிடம், நடந்த தூரம், எத்தனை பேர் என்று அது கேட்கும், அதெல்லாம் மேலே சொன்ன அதே காரணத்துக்குத்தான், விடாமல் நிரப்புங்கள். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது, மலேசியாவிலும் தன்னார்வலர்கள் சேர்ந்து எண்ணுகிறார்கள். டிசம்பருக்குள் உங்கள் குட்டையில் உள்ள நீர்ப்பறவைகளை அடையாளம் காணப் பழகிவிட்டால் ஜனவரியில் அதில் சேரலாம். பறவை ஒன்றுகூட இல்லாத நாளையும் பூஜ்யம் என்று தேதியோடு பதிவு செய்யுங்கள், பின்னால் ஒப்பிடுபவருக்கு அந்தப் பூஜ்யமும் வேண்டும்.